ராஜாவின் பட்டங்களும் பேச்சியின் காளையும்

முன்னொரு காலத்தில், வண்டிக்குச் சக்கரம் இருந்தது, சக்கரத்துக்கு வேகமும் இருந்தது. அந்த வேகத்தை அளக்கத்தான் யாருக்கும் வழி தெரியாமல் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். யாராவது புகழ்ந்து பேசினால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கண்ணை மூடியிருக்கிறவருக்கு எதிரே நடப்பது எப்படித் தெரியும்?

ஒரு நாள் ராஜா புதுக் கிரீடம் வைத்துக்கொண்டு யானைமேல் கடைவீதிக்கு வந்தார். எங்கிருந்தோ ஒரு பஞ்சு வண்டி, மாடு மிரண்டு, தலைதெறிக்க ஓடிவந்தது. யானை சட்டென்று ஒதுங்கியது. ராஜா சாய்ந்தார். கிரீடம் கழன்று, ஓரமாக மோர் விற்றுக்கொண்டிருந்தவளின் பானைக்குள் முழுகிப்போனது. சேவகர்கள் கையைவிட்டுத் துழாவி எடுத்தபோது அதன் உச்சியில் ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. சனங்கள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

மறுநாள் சபை கூடியது.

“இன்று முதல் கிழக்கு வாசலிலிருந்து கடைவீதி வரை எந்த வண்டியும் விரைந்து போகக்கூடாது. ஆண்டியானாலும் சரி, அரசனானாலும் சரி, சட்டம் எல்லாருக்கும் ஒன்றே” என்றார் ராஜா.

“உத்தரவு மகாராஜா. ஆனால் விரைவு என்பது எவ்வளவு விரைவு?” என்று கேட்டான் பொன்னாண்டி.

இந்தப் பொன்னாண்டி சபையின் விகடன். அதற்கு முன்னால் கடைவீதியில் மூட்டை தூக்கினவன். ஒருமுறை முதுகில் நெல்மூட்டையோடு நின்றபடியே ஏதோ சொல்லி ராஜாவைச் சிரிக்க வைத்தான். ராஜா மூட்டையை இறக்கச் சொல்லிக் கையோடு சபைக்கு அழைத்துவந்துவிட்டார். சபைக்கு வந்து எத்தனையோ காலமாகியும் அவன் தோளில் மூட்டைக் காய்ப்பு மறையவில்லை. மழைக்காலத்தில் இடுப்பு வலியும் விட்டபாடில்லை.

அவன் கேள்விக்குப் பதில் சொல்ல மகாமந்திரி அனந்தகிரியார் எழுந்தார். தான் பேசினால் தலையை மட்டும் ஆட்டுகிற ராஜா, பொன்னாண்டி பேசினால் வயிறு குலுங்கச் சிரிக்கிறாரே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தவர் அவர்.

“அரசே, கிழக்கு வாசலில் ஒரு கல்தூண் நடுவோம். கடைவீதி முனையில் இன்னொரு தூண். வண்டி முதல் தூணைத் தாண்டியதும் கட்டியக்காரர் தங்கள் பட்டங்களைச் சொல்லத் தொடங்கட்டும். கட்டியம் முடிவதற்குள் இரண்டாம் தூணைத் தாண்டினால் அது விரைந்த வண்டி. மாட்டை அவிழ்த்து அடியேனுடைய செக்கடியில் கட்டிவிடலாம். அமாவாசைக்குள் அரசர் மனமிரங்கி விடுவிக்காத மாடு செக்குக்கே சொந்தம்.”

நாள் முழுக்கத் தன் பட்டங்கள் தெருவில் முழங்கும் என்றதும் ராஜா கண்ணை மூடிக்கொண்டார். “ஆகட்டும்” என்றார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், முதலில் அது நல்ல சட்டமாகத்தான் இருந்தது. அப்போது ராஜாவுக்கு நாலே பட்டங்கள். மாடு தன் இயல்பில் நடந்தால் கட்டியம் முடிந்த பிறகுதான் இரண்டாம் தூணுக்கு வந்து சேரும். தறிகெட்டு ஓட்டுகிறவன் மட்டும் மாட்டிக்கொள்வான். வீதியில் பிள்ளைகள் பயமில்லாமல் கோலி விளையாடின. பொன்னாண்டியே, “வேகத்துக்கு ஒரு கடிவாளம் வேண்டியதுதான்” என்று சொன்னான்.

ஆனால் செக்கடியில் இரண்டொரு மாடுகளே வந்து சேர்ந்தன. அனந்தகிரியாருக்கு அது போதவில்லை. ராஜாவின் பிறந்தநாளுக்குப் புதிதாகச் சில பட்டங்களைச் சூட்டினார். ராஜா கண்ணை மூடிக் கேட்டு மகிழ்ந்தார். பொங்கலுக்கு இன்னும் கொஞ்சம். ராணிக்குச் சளி பிடித்துக் குணமானதற்குக் கொஞ்சம். கட்டியம் கொடிபோலப் படர்ந்தது. தூண் இரண்டும் நட்ட இடத்திலேயே நின்றன, மாடும் நடக்கிறபடியேதான் நடந்தது. நேற்றுவரை ஒழுங்காகப் போன வண்டியெல்லாம் இன்று விரைந்த வண்டி ஆகிவிட்டது.

வண்டிக்காரர்கள் என்ன செய்வார்கள்? இரண்டாம் தூணுக்கு முன்னால் வண்டியை நிறுத்திக்கொண்டு கட்டியம் முடியக் காத்துக் கிடந்தார்கள். ஒரு வண்டி போனால்தான் அடுத்த வண்டி. கிழக்கு வாசலுக்கு வெளியே வரிசை ஆற்றங்கரை வரை நீண்டது. கீரை வாடியது. பால் திரிந்தது. மந்திரியார் வீட்டுக் குதிரைவண்டி வந்தால் மட்டும் கட்டியக்காரருக்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிடும். வாணலியில் பொரி பொரிவதுபோல அத்தனை பட்டங்களையும் ஒரே மூச்சில் படபடவென்று உதிர்த்துவிடுவார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, பொன்னாண்டி வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ஒரு பக்கம் காளை, மறுபக்கம் நுகத்தடியைத் தோளில் தாங்கியபடி ஒரு பெண். கடற்கரையிலிருந்து மீன் ஏற்றிவரும் பேச்சிதான் அது. அவன் மூட்டை தூக்கிய காலத்திலிருந்து பழக்கம்.

“என்ன பேச்சி, மாட்டுக்கு ஓய்வு குடுத்துட்டு நீயே பூட்டிக்கிட்டியா?”

“சிரிக்காதீங்கண்ணே. கரிச்சானைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க.”

கரிச்சான் அவளுடைய கறுப்புக் காளை. பொன்னாண்டி சிரிப்பை நிறுத்திவிட்டு நுகத்தடியை அவள் தோளிலிருந்து வாங்கி இறக்கினான்.

“வேகமா ஓட்டினியா?”

“ஓட்டவே இல்லண்ணே. தூணுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டுத்தான் இருந்தேன். மீனு நாற ஆரம்பிச்சிருச்சு. ஈ மொய்ச்சு மாட்டைக் கடிக்குது. அந்தக் கட்டியக்காரரு ‘ஏழு கடலையும் ஒரே மடக்கில் குடித்தவர்’னு இழுக்காரு, இழுக்காரு, மூச்சு வாங்கிட்டு மறுபடி இழுக்காரு. ராசா கடலைக் குடிச்சுட்டாருன்னா நான் எங்கேயிருந்துண்ணே மீனு அள்ளிட்டு வாரேன்? அதுக்குள்ள கரிச்சான் ஈ கடி தாங்காம ஒரு எட்டு முன்னால வச்சிருச்சு. தூணைத் தாண்டிருச்சாம். அவுத்துட்டுப் போயிட்டாங்க.”

“நின்ன வண்டி வேகமான வண்டியா?”

“நானும் அதைத்தான் கேட்டேன். வாயைப் பொத்துன்னாங்க. நாளான்னைக்கு அமாவாசை. அதுக்குள்ள மீக்கலேன்னா கரிச்சான் காலத்துக்கும் செக்குமாடுதான். அது இல்லாம எனக்குப் பொழப்பு ஏதுண்ணே. இவனும் சோடி இல்லாம தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கான்.”

பொன்னாண்டி மிச்சமிருந்த காளையின் நெற்றியைத் தடவினான். “அமாவாசைக்கு முந்தி கரிச்சான் உன் வண்டியில நிக்கும். போ, மீனை உப்புப் போட்டுக் காயவை” என்றான். எப்படி என்று அவள் கேட்கவில்லை. அவனுக்கும் அப்போது தெரியாது. தெரியாததைப் பற்றிக் கவலைப்படுகிற வழக்கம் அவனுக்கு இல்லை.

நேராகச் சபைக்குப் போனான்.

“மகாராஜா, தங்கள் நாட்டில் அசையாமல் நின்ற ஒரு மீன்காரியின் வண்டி அதிவேகமாகப் போய்விட்டதாம், காளையைச் செக்கடிக்கு அவிழ்த்துப் போய்விட்டார்களாம். இந்த அதிசயத்தைக் கேட்டீர்களா?”

அனந்தகிரியார் முந்திக்கொண்டார். “அரசே, இவன் தங்கள் சட்டத்தை ஏளனம் செய்கிறான். சட்டத்தைக் காப்பது எத்தனை கடினம் என்று வெளியில் நின்று கேலி பேசுகிறவனுக்குத் தெரியாது. நாளை ஒரு நாள் இவனே கட்டியக்கோலை ஏந்திக் கிழக்கு வாசலில் நிற்கட்டும். எவரையும் கட்டியம் முடியுமுன் விடக்கூடாது. ஒரு வண்டியை விட்டாலும் இவனையே செக்கில் பூட்டிவிட வேண்டியது. ஒன்றையும் விடாமல் காத்துவிட்டானானால் அந்த மீன்காரியின் மாட்டை அவிழ்த்துவிடலாம்.”

“சம்மதமா பொன்னாண்டி?” என்றார் ராஜா.

“சம்மதம் மகாராஜா.”

“நாளை நாம் வேட்டைக்குப் போகிறோம். திரும்பி வந்ததும் விசாரிப்போம்.”

வேட்டை என்றதும் மந்திரியார் மீசைக்குள் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டது. பொன்னாண்டிக்கு விளங்கிவிட்டது. வேட்டை முடிந்து திரும்புகிற வழியும் கிழக்கு வாசல்தான். ராஜாவின் தேரை விரட்டிக்கொண்டு வருவார்கள். தடுத்தால் ராஜத் துரோகம். விட்டால் செக்கு. நல்ல பொறிதான், எலி போகட்டும், யானையே விழும் என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் கரிச்சானைப் பார்க்கச் செக்கடிக்குப் போனான். காளை சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. நேராக நடந்தே பழகிய மாடு, ஒவ்வொரு சுற்றுக்கும் கடலிருக்கும் பக்கம் திரும்பி ஒரு கணம் நின்று, அடி வாங்கி, மறுபடி நடந்தது. கழுத்துத் தோல் உரிந்து சிவந்திருந்தது.

செக்கு ஆட்டுகிறவன் பொன்னாண்டிக்குத் தெரிந்தவன்தான். குடத்தில் எண்ணெய் பிடித்துக்கொண்டிருந்தான்.

“என்னப்பா, நல்லெண்ணெய் வாசனையே வரலியே. வேற ஏதோ மூக்கைத் துளைக்குது?”

“காலையில ஆமணக்கு ஆட்டினேன். கழுவ நேரமில்ல. மாடு நெறைய வந்துருச்சு, செக்கு நிக்கவே கூடாதுன்னு மந்திரியார் உத்தரவு. அப்படியே எள்ளைக் கொட்டிட்டேன்.”

“விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் ஒண்ணாவா? இதை யார் தலையில கட்டப் போற?”

“மந்திரியார் வீட்டு அடுப்படிக்குத்தான் போகுது.”

“அப்ப சரி. அவரு சாப்பிடட்டும்” என்று சொல்லிவிட்டு, ஒரு கைப்பிடி கொள்ளுப் பயற்றைக் கரிச்சானுக்கு ஊட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் விடிந்ததும் கோலும் கையுமாக முதல் தூணடியில் நின்றான். கட்டியக்காரர் தொண்டைக்குப் பனங்கற்கண்டு போட்டுக்கொண்டு நிழலில் படுத்துவிட்டார். அன்று பொன்னாண்டி ஒருவரையும் விடவில்லை. ஒரு பட்டத்தைக்கூட விழுங்காமல், நிதானமாக, முழுக்கச் சொன்னான். மந்திரியார் மருமகன் குதிரைவண்டியில் வந்தான். அவனுக்கும் அதே நிதானம்.

“ஏய், நான் யார் தெரியுமா?”

“தெரியுமே. வரிசையில் கடைசி ஆள்” என்றான் பொன்னாண்டி. பானை வண்டிக்குப் பின்னால் அவன் நிற்க வேண்டியதாயிற்று. பேச்சியும் தன் ஒற்றைக் காளையோடு ஓரமாக வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சிவெயில் சாய்ந்த நேரத்தில் கிழக்கே புழுதி கிளம்பியது. ராஜாவின் தேர். நாலு குதிரையும் நுரை தள்ள வந்தது. பக்கத்தில் அனந்தகிரியார். சனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பொன்னாண்டி கோலைக் குறுக்கே நீட்டினான். தேர் முதல் தூணைத் தாண்டி, கிறீச்சென்று நின்றது.

ராஜாவின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரிந்தது. அவருக்கு அவசரம். சாதாரண அவசரம் இல்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

“பொன்னாண்டி, வழியை விடு.”

“வணக்கம் மகாராஜா. தூணைத் தாண்டிவிட்டீர்கள். கட்டியம் தொடங்கப் போகிறது.”

“என்ன துணிச்சல். அரசரையே மறிக்கிறான், பார்த்தீர்களா அரசே” என்றார் அனந்தகிரியார்.

“ஆண்டியானாலும் அரசனானாலும் என்று சொன்னது இந்த நாட்டிலேயே பெரிய வாய், மந்திரியாரே. அதை மீற எனக்கு ஏது துணிச்சல்? இரண்டாம் தூணை முன்கூட்டியே தாண்டினால் குதிரைகளை அவிழ்த்துச் செக்கடிக்கு அனுப்ப வேண்டும். மகாராஜா அரண்மனைக்கு நடந்து போக வேண்டியிருக்கும்.”

நடை என்ற சொல்லைக் கேட்டதும் ராஜா பல்லைக் கடித்தார். “சரி, சீக்கிரம் சொல்லித் தொலை.”

பொன்னாண்டி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். தொண்டையைச் செருமினான். “ஏழு கடலையும்… ஒரே மடக்கில்… குடித்த ஏந்தல்…”

“நாம் எப்போது கடலைக் குடித்தோம்? கடலை நாம் பார்த்ததுகூட இல்லை. அதை விட்டுவிடு.”

“விடலாமா மகாராஜா? பட்டம் தங்களுடையது. வெட்டுகிற உரிமை தங்களுக்கு மட்டும்தான்.”

“வெட்டினோம். அடுத்தது.”

“மத யானையை… இடக்கையால்… தூக்கிய…”

“பொய். வெட்டு.”

“சூரியனையே… வேர்க்க வைத்த…”

“இப்போது வேர்ப்பது யாருக்கு என்று தெரியவில்லையா? வெட்டு.”

“பொறுமையில்… பூமிக்கே மூத்த…”

“அது நம்மிடம் இல்லை. வெட்டு, வெட்டு.”

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கட்டியக்காரர் எழுந்து உட்கார்ந்து, தான் இத்தனை நாள் கத்திய பட்டங்கள் ஒவ்வொன்றாக விழுவதை ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“பசியறியா… பிணியறியா… வயிற்று நோவறியா மேனியர்…”

“அதை முதலில் வெட்டியிருக்க வேண்டும்” என்று ராஜா முனகினார். “பொன்னாண்டி, இன்னும் எத்தனை இருக்கிறது?”

“இமயம் முதல் இன்னும் நிறைய இருக்கிறது மகாராஜா.”

“நாம் இமயத்துக்கும் போகவில்லை. இதையெல்லாம் நம் தலையில் ஏற்றியவர் யார்?”

எல்லார் கண்ணும் மந்திரியார் பக்கம் திரும்பியது. மந்திரியார் தேரின் சக்கரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“உண்மையான பட்டம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் சொல். இனி எல்லாருக்கும் அது மட்டுமே கட்டியம். இது நம் ஆணை” என்றார் ராஜா.

பொன்னாண்டி ஒரு கணம் யோசித்தான். “குடிகளைக் காக்கும் எங்கள் கோமான், பராக்” என்று கணீரென்று சொல்லிக் கோலைத் தூக்கினான். தேர் பறந்தது. இரண்டாம் தூணருகே இருந்த காவற்சாவடியின் பின்புறத் தோப்பில் ராஜா இறங்கிப் போனார். சேவகன் ஒருவன் செம்புத் தண்ணீரோடு பின்னால் ஓடினான்.

சற்று நேரம் கழித்து ராஜா தெளிந்த முகத்தோடு திரும்பி வந்தார். பொன்னாண்டியையும் மந்திரியாரையும் முன்னால் நிறுத்தினார்.

“காலையில் நன்றாகத்தான் இருந்தோம். காட்டில் மந்திரியார் வீட்டுப் பணியாரம் சாப்பிட்டோம். அதற்குப் பிறகுதான் இந்தக் கதி.”

“பணியாரம் எந்த எண்ணெயில் சுட்டது மகாராஜா?” என்றான் பொன்னாண்டி.

“அவருடைய செக்கு எண்ணெய் என்று அவரே பெருமையாகச் சொன்னார்.”

பொன்னாண்டி தலையைச் சொறிந்துகொண்டே செக்கடியில் பார்த்ததையும் கேட்டதையும் சொன்னான். பிடிபட்ட மாடுகள் பெருகியதையும், செக்கைக் கழுவ நேரமில்லாமல் போனதையும் சொன்னான்.

“தெரிந்தும் நமக்கு ஏன் சொல்லவில்லை?”

“மந்திரியார் வீட்டு அடுப்படிக்கு என்றார்கள். அவர்தான் சாப்பிடுவார் என்று பேசாமல் இருந்துவிட்டேன். பரிமாறுவார் என்று தெரியாமல் போயிற்று. அது என் தப்புத்தான் மகாராஜா.”

ராஜா அவனை முறைத்தார். மந்திரியாரை முறைத்தார். பிறகு மோர்ப்பானையில் முழுகிய கிரீடம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். இந்த முறை பிடித்தது சிரிப்பினால்தான். அன்றைக்குச் சிரிக்காமல் அடக்கி வைத்திருந்த சனங்களும் சேர்த்துவைத்துச் சிரித்தார்கள்.

“சட்டம் இருக்கட்டும் பொன்னாண்டி. வீதியில் பிள்ளைகள் விளையாட வேண்டும். ஆனால் இந்த ஒரே பட்டத்தைப் பழைய நாலு பட்டம்போல நாலு முறை சொன்னால் போதும், அளவுகோல் இனி வளராது. செக்கடி மாடுகள் இன்றே வீடு திரும்பட்டும். உனக்கு என்ன வேண்டும் சொல். வெட்டிப்போட்ட பட்டங்கள் குவிந்து கிடக்கின்றனவே, அவற்றைச் சூட்டிவிடவா?”

“வேண்டாம் மகாராஜா. நான் மூட்டை தூக்கினவன். அதைச் சுமந்துகொண்டு வீடு போய்ச் சேரப் பொழுது விடிந்துவிடும்.”

“அப்படியானால் செய்தவருக்கே கொடுத்துவிடுவோம்.” ராஜா அனந்தகிரியார் பக்கம் திரும்பினார். “மந்திரியாரே, அத்தனை பட்டங்களும் இன்று முதல் உம்முடையவை. நீர் இந்த வழியாகப் போகும்போதெல்லாம் கட்டியக்காரர் ஒன்றுவிடாமல் சொல்லுவார். நிதானமாகச் சொல்லுவார்.”

தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துப் பொன்னாண்டியின் காய்த்துப்போன தோளில் போர்த்தினார் ராஜா. அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து வருஷம் முழுதும் அவன் வீட்டுக்கு நெல் போகும் என்றும், அந்த மூட்டைகளை அவன் தூக்கக்கூடாது, அரண்மனை ஆட்களே தூக்கிப்போய் இறக்கவேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

கரிச்சானை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். சோடிக் காளையைக் கண்டதும் அது கழுத்தை நீட்டி முகர்ந்தது. பொன்னாண்டி சால்வையை எடுத்து, நான்காக மடித்து, புண்ணான கழுத்தில் நுகத்தடி உரசாதபடி வைத்துக் கட்டினான்.

“ஏண்ணே, ராசா குடுத்த பட்டு. அதைப் போயி மாட்டுக்கா?” என்றாள் பேச்சி. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“செக்கு சுத்தினது அதுதானே. நீ கிளம்பு, பொழுது சாயறதுக்குள்ள கரைக்குப் போயிரு.”

மறுநாள் காலை பேச்சியின் வண்டி கடற்கரையிலிருந்து நிறைந்து வந்தது. முதல் தூணைத் தாண்டினாள். “குடிகளைக் காக்கும் எங்கள் கோமான், பராக்” என்று நாலு முறை சொன்னார் கட்டியக்காரர். இரண்டு காளையும் தம் நடையிலேயே நடந்தன. அவளுக்கு முன்னாலேயே ஒரு பல்லக்கு இரண்டு தூண்களுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. திரையை விலக்கிக்கொண்டு அனந்தகிரியார் எட்டிப் பார்த்தார். முகம் வெளிறியிருந்தது. பாவம், காட்டில் மீந்த பணியாரத்தைத் தூக்கிப்போட மனசில்லாமல், தெரிந்தே அவரும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டிருந்தார்.

“மந்திரியாரே, கொஞ்சம் பொறுங்க” என்றார் கட்டியக்காரர். “இப்பத்தான் ரெண்டாவது கடலு. இன்னும் அஞ்சு கடல் இருக்கு.”

கரிச்சானின் மீன்வண்டி பல்லக்கை ஒட்டினாற்போல், அவசரப்படாமல், கடந்து போனது.